சும்மா கிடக்கும் கால்கள்



ஆண்டு மலர் என்றால் கவிதை இருக்கும், காதல் இருக்கும், பிரிவுத் துயரம் தாங்காமல் இறுதியாண்டு அண்ணன்கள் நாலு பேர் கண்ணீர் விட்டிருப்பார்கள். இவற்றுக்கு நடுவில் ஐ.சி.யின் காலைப் பற்றி ஒருவன் எழுத வந்திருக்கிறானே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பத்து நிமிஷம் கொடுங்கள். நாளைக்கு நீங்கள் 'ஓ.கே.' சொல்லி அனுப்பப் போகிற ஒரு போர்டு யாரோ ஒருவர் வீட்டில் உழைக்குமா, எரியுமா என்பது இந்த விஷயத்தில்தான் இருக்கிறது.

சர்க்யூட் போடும்போது நாம் வேலை இருக்கிற காலை மட்டும்தான் பார்க்கிறோம். பதினான்கு கால் ஐ.சி.யில் நமக்கு எட்டுக் கால் வேண்டும். எட்டையும் சால்டர் செய்கிறோம். எல்.இ.டி. எரிகிறது. "ஆச்சுடா!" என்று டீக்கடைக்குக் கிளம்பிவிடுகிறோம். மீதி ஆறு கால்? அது பாட்டுக்குக் கிடக்கட்டும், நமக்கென்ன என்று விட்டுவிடுகிறோம். அதே மாதிரி, 230 வோல்ட் என்று எழுதியிருந்தால் 230 தான் வரும் என்று நம்பிவிடுகிறோம். 300 வந்தால் என்ன ஆகும், 400 வந்தால் என்ன ஆகும் என்று கேட்பதில்லை.

இரண்டும் வேறு வேறு பாடம் மாதிரித் தெரியும். என் கருத்தில் இரண்டும் ஒரே பாடம்தான். சர்க்யூட்டில் நாம் முடிவு செய்யாமல் விட்ட இடம் எதுவும் சும்மா இருப்பதில்லை. அந்த இடத்தில் காற்றும் ஈரமும் இடியும் முடிவு செய்துவிடும்.

பழக்கம் எங்கே ஆரம்பித்தது?

டிஜிட்டல் லேபில் ஆரம்பித்தது. 7400 வரிசை டி.டி.எல். ஐ.சி.யில் ஒரு இன்புட்டைச் சும்மா விட்டால் அது தன்னை 'ஒன்று' என்றே எடுத்துக்கொள்ளும். ட்ரூத் டேபிள் சரியாக வந்துவிடும். ரெக்கார்டில் கையெழுத்தும் விழுந்துவிடும். ஆனால் அப்படி விட்ட காலில் பக்கத்து ஒயரின் நாய்ஸ் ஏறும் என்பதை அந்த ஒரு மணி நேரத்தில் நாம் பார்ப்பதில்லை. "விட்டால் ஒன்றும் ஆகாது" என்ற பாடத்தை மட்டும் மனதில் ஏற்றிக்கொண்டு வெளியே வருகிறோம்.

அடுத்து சீமாஸ் வருகிறது. சி.டி. 4011 எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே போகிற வழியில் மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று இருக்கிறது. அது குட்டிக் கெப்பாசிட்டர் மாதிரி. கரண்ட் கசிய வழியில்லை. எனவே சும்மா விட்ட கால் 'ஒன்று'ம் இல்லை, 'பூஜ்யம்' என்பதும் இல்லை. கை கிட்டே போனால் ஒரு பக்கம் சாயும், டியூப்லைட் சோக் போட்டால் இன்னொரு பக்கம் சாயும். நடுவில் எங்காவது நின்றுவிட்டால் உள்ளே இருக்கும் மேல் டிரான்சிஸ்டர், கீழ் டிரான்சிஸ்டர் இரண்டுமே அரைகுறையாகத் திறந்துகொள்ளும். சப்ளையிலிருந்து கிரவுண்டுக்கு நேராகக் கரண்ட் ஓடும். ஐ.சி. சுடும். பாட்டரி இறங்கும். இதற்கு வைத்தியம் சுலபம்: வேண்டாத இன்புட்டை சப்ளையிலோ கிரவுண்டிலோ கட்டுங்கள். அவுட்புட்டை மட்டும் கட்டாமல் விடுங்கள்.

இதை நாம் கேள்விப்படாதவர்களும் இல்லை. 555 போடும்போது ஐந்தாவது காலில் 0.01 மைக்ரோஃபாரட் வைக்கிறோமா இல்லையா? நாலாவது காலை சப்ளையில் கட்டுகிறோமா இல்லையா? ஏன் என்று கேட்டால், "சார் போட்டார், நானும் போட்டேன்" என்போம். காரணம் இதுதான். ஐந்தாவது கால் சப்ளையின் மூன்றில் இரண்டு பங்கு வோல்டேஜ் நிற்கும் இடம். அங்கே நாய்ஸ் ஏறினால் டைமிங் ஆடும். நாலாவது கால் ரீசெட். அது தொங்கினால் டைமர் நினைத்தபோது நின்றுவிடும். 8085-இலும் இதே கதை. ஹோல்டு காலை உபயோகிக்காவிட்டால் கிரவுண்டில் கட்டவேண்டும். ரெடி காலை +5 வோல்ட்டில் கட்டவேண்டும். ஐந்து இன்டரப்ட் கால்களையும் கிரவுண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அதிலும் டிராப் என்கிற ஆறாவது கால் மிகப் பொல்லாதது. சாப்ட்வேரில் அதன் வாயை அடைக்க முடியாது. டிரெய்னர் கிட்டில் யாரோ முன்னாலேயே இதையெல்லாம் கட்டிவைத்திருக்கிறார்கள். அதனால்தான் நாம் அதைப் பற்றிக் கவலைப்படாமல் புரோகிராம் போடுகிறோம். சொந்தமாகப் போர்டு செய்கிறவனுக்கு அந்த 'யாரோ' கிடையாது. அவனேதான் கட்டவேண்டும்.

அத்திப்பட்டுக் காற்று

நான் அத்திப்பட்டுக்காரன். கும்மிடிப்பூண்டி லோக்கலில் வருகிற நண்பர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. எண்ணூர் தாண்டியதும் ஜன்னலில் அடிக்கிற காற்றே வேறு. ஒரு பக்கம் கழிமுகம், உப்பளம். இன்னொரு பக்கம் நிலக்கரி, சாம்பல். வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் மூன்று யூனிட்டுகள், ஒவ்வொன்றும் 210 மெகாவாட், 1994-க்கும் 1996-க்கும் நடுவில் ஓட ஆரம்பித்தன. 2014-இல் 600 மெகாவாட் யூனிட்டுகள் இரண்டு சேர்ந்தன. பக்கத்திலேயே வல்லூரில் 500 மெகாவாட் யூனிட்டுகள் மூன்று. எண்ணூரில் 1970-லிருந்து ஓடிய பழைய அனல்மின் நிலையம் மட்டும் 2017-இல் மூடப்பட்டது.

இந்த உப்பும் சாம்பலும் இன்சுலேட்டர் மேல் படிகிறது. விடியற்காலைப் பனி விழுந்ததும் அந்தப் படிவம் நனைந்து கரண்டுக்குப் பாதை போட்டுக் கொடுக்கிறது. அதனால்தான் சர்வதேச மின்தொழில்நுட்பக் கமிஷன் 1986-இல் வெளியிட்ட வழிகாட்டியில் இடத்துக்கு ஏற்ற கணக்கு சொல்லியிருக்கிறார்கள். சுத்தமான காற்றுள்ள இடத்தில், ஒரு கே.வி.க்கு 16 மில்லிமீட்டர் தூரம் இன்சுலேட்டரின் மேற்பரப்பில் இருந்தால் போதும். மிக மோசமான காற்றுள்ள இடத்தில் 31 மில்லிமீட்டர் வேண்டும். 245 கே.வி. வரை தாங்கவேண்டிய யார்டுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் கணக்கில் சுமார் 3.9 மீட்டர், இரண்டாவது கணக்கில் சுமார் 7.6 மீட்டர். அதே வோல்டேஜ்தான். காற்று மாறினால் கணக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடுகிறது.

யார்டுக்கு இவ்வளவு யோசிக்கிறார்கள். நம் போர்டுக்கு யார் யோசிப்பது? ஐ.சி.யின் ஒரு காலுக்கும் அடுத்த காலுக்கும் இடைவெளி 2.54 மில்லிமீட்டர். சால்டர் வைத்தபிறகு அதுவும் குறைந்துவிடும். ஏ.சி. போட்ட லேபில் அந்த இடைவெளி சுத்தமாக இருக்கும். எங்கள் ஊரில் ஒரு மழைக்காலம் போனால் அதில் உப்பும் கரியும் ஈரமும் சேர்ந்து ஒரு ரெசிஸ்டன்ஸ் உருவாகிவிடும். 12 வோல்ட் சப்ளைக் காலிலிருந்து பக்கத்துக் காலுக்கு 10 மெகா ஓம் கசிவு என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கால் சும்மா தொங்கினால் மெல்ல மெல்ல 12 வோல்ட்டை நோக்கி ஏறிவிடும். அதையே 10 கிலோ ஓம் வைத்துக் கிரவுண்டில் கட்டியிருந்தால்? அங்கே ஏறுவது ஏறக்குறைய 12 மில்லிவோல்ட். அவ்வளவுதான். ஒரு சின்ன ரெசிஸ்டர் ஊர்க் காற்றையே தோற்கடித்துவிடும். "லேபில் ஓடியது, வீட்டில் ஓடவில்லை" என்ற புலம்பலுக்கு இது மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் இதுவும் ஒரு காரணம்.

பவர் சர்க்யூட்டில் விளையாட்டில்லை

டிஜிட்டலில் கால் ஆடினால் எண்ணிக்கை தப்பும். பவரில் கால் ஆடினால் மாஸ்ஃபெட் வெடிக்கும்.

வருஷா வருஷம் நம் டிபார்ட்மென்டில் இரண்டு இன்வெர்ட்டர் புராஜெக்டாவது இருக்கும். அதில் எஸ்.ஜி. 3525 இருக்கும். அதன் பத்தாவது கால் ஷட்டவுன். அதைத் தொங்கவிடக்கூடாது என்று டேட்டாஷீட்டிலேயே எச்சரித்திருக்கிறார்கள். நாய்ஸ் ஏறினால் பல்ஸ் நின்று நின்று வரும். உபயோகிக்காவிட்டால் கிரவுண்டில் கட்டுங்கள். டி.எல். 494-இல் எரர் ஆம்ப்ளிஃபையர் இரண்டு உண்டு. நமக்கு ஒன்று போதும். ஆனால் இரண்டின் அவுட்புட்டும் உள்ளே ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது. யார் குரல் பெரிதோ அவர் சொன்னபடி பல்ஸ் போகும். சும்மா விட்ட ஆம்ப்ளிஃபையர் குரலை உயர்த்தினால் நம் ஆம்ப்ளிஃபையர் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். எனவே பதினாறாவது காலைக் கிரவுண்டிலும், பதினைந்தாவது காலைப் பதினான்காவது காலில் வரும் 5 வோல்ட் ரெஃபரன்சிலும் கட்டி அதை அமைதியாக்க வேண்டும். மாஸ்ஃபெட்டின் கேட்டும் அப்படித்தான். டிரைவர் ஐ.சி. உயிர் பெறுவதற்கு முன் அந்த நொடியில் கேட் தொங்கினால் மாஸ்ஃபெட் தானாகத் திறந்துகொள்ளலாம். கேட்டுக்கும் சோர்சுக்கும் நடுவில் 10 கிலோ ஓம் போடுங்கள். ஐ.ஆர்.எஃப். 540-இல் கேட்-சோர்ஸ் வோல்டேஜ் 20-ஐத் தாண்டக்கூடாது. தாண்டினால் உள்ளே ஆக்சைடு கிழியும். அதற்கு 15 வோல்ட் ஜீனர் ஒன்று பக்கத்திலேயே இருக்கட்டும்.

அப்படியானால் எல்லாக் காலையும் பிடித்துக் கிரவுண்டில் கட்டிவிடலாமா? அதுவும் தப்பு. எல்.எம். 339 கம்பேரட்டரில் வேண்டாத இன்புட்டுகளை நெகட்டிவ் சப்ளையில் கட்டச் சொல்கிறார்கள். எல்.எம். 324 ஆப்-ஆம்ப்புக்கு நல்ல வழி வேறு. அவுட்புட்டை நெகட்டிவ் இன்புட்டுக்குக் கொண்டுவந்து, பாசிட்டிவ் இன்புட்டுக்கு சப்ளையில் பாதி வோல்டேஜ் கொடுத்துவிட்டால் அது ஆடாமல் அசையாமல் இருக்கும். எஸ்.ஜி. 3525-இலேயே மூன்றாவது, நாலாவது கால்களை உபயோகிக்காவிட்டால் அப்படியே விட்டுவிடலாம். 'என்.சி.' என்று போட்ட காலைத் தொடவே தொடாதீர்கள். உற்பத்தி செய்தவர் தன் சோதனைக்காக உள்ளே எதையாவது இணைத்து வைத்திருக்கக்கூடும். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி கதை ஆகிவிடும். ஆக, விதி 'கட்டு' என்பதும் இல்லை, 'விடு' என்பதும் இல்லை. ஒவ்வொரு காலையும் கேட்டு முடிவு செய் என்பதுதான் விதி.

ஓப்பனா, ஷார்ட்டா?

இந்த விதி ஐ.சி.யோடு முடிவதில்லை. எலெக்ட்ரிகல் பசங்களுக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். இன்-பிளான்ட் டிரெய்னிங்குக்கு ஏதாவது பவர் ஹவுஸ் யார்டுக்குப் போனால் மார்ஷலிங் பாக்சைத் திறந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஒரு கரண்ட் டிரான்ஸ்ஃபார்மரில் பல கோர்கள் இருக்கும். மீட்டருக்கு ஒன்று, ரிலேக்கு ஒன்று, பஸ்பார் பாதுகாப்புக்கு ஒன்று. சும்மா இருக்கும் கோரின் செகண்டரியை என்ன செய்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஷார்ட் செய்து எர்த் செய்திருப்பார்கள்.

ஏன்? சி.டி.யின் பிரைமரியில் ஓடும் கரண்டை நிர்ணயிப்பது லைனில் இருக்கும் லோடு. செகண்டரி திறந்திருக்கிறதே என்று அது குறையாது. செகண்டரியில் எதிர்க் கரண்ட் ஓடினால்தான் கோரில் காந்தம் அடங்கியிருக்கும். செகண்டரி திறந்துவிட்டால் பிரைமரி கரண்ட் முழுவதும் கோரைக் காந்தமாக்கவே போகும். கோர் தெவிட்டும். கரண்ட் பூஜ்யத்தைக் கடக்கும் ஒவ்வொரு தடவையும் ஃப்ளக்ஸ் தலைகீழாகப் புரளும். திறந்த முனையில் ஆயிரக்கணக்கான வோல்ட் உச்சம் எழும். இன்சுலேஷன் போகும், தொட்டவர் உயிரும் போகும். ஆனால் பக்கத்திலேயே இருக்கும் பொட்டன்ஷியல் டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரியை ஷார்ட் செய்தால் அது எரியும். அதைத் திறந்துதான் வைக்கவேண்டும். பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி. சும்மா இருக்கும்போது நடத்தவேண்டிய விதம் நேர் எதிர்.

யோசித்துப் பாருங்கள் நண்பர்களே! வெளியிலிருந்து இடி விழவில்லை, லைன் அறுந்து விழவில்லை. உபயோகிக்காத இரண்டு முனையைச் சும்மா விட்டதால் மட்டுமே ஓவர்வோல்டேஜ் பிறக்கிறது. நான் ஆரம்பத்தில் இரண்டும் ஒரே பாடம் என்று சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

நியூட்ரல் போன ராத்திரி

இனி வெளியிலிருந்து வரும் ஓவர்வோல்டேஜ். ஐப்பசி, கார்த்திகை வந்தால் எங்கள் பக்கம் காற்றும் மழையும் கம்பத்தைப் பதம் பார்க்கும். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையிலும் திருவள்ளூர் மாவட்டத்திலும் கம்பங்களைச் சாய்த்துப்போட்டது எல்லாருக்கும் நினைவிருக்கும். பேஸ் ஒயர் அறுந்தால் கரண்ட் போகும், அவ்வளவுதான். நியூட்ரல் ஒயர் மட்டும் அறுந்தால்தான் ஆபத்து.

கணக்குப் போடுவோம். சுலபத்துக்காக எல்லா லோடையும் ரெசிஸ்டன்ஸ் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பேசில் இருக்கும் வீட்டில் 1000 வாட் இஸ்திரிப் பெட்டி ஓடுகிறது. இன்னொரு பேசில் இருக்கும் வீட்டில் டி.வி.யும் ஒரு விளக்கும், மொத்தம் 100 வாட். நியூட்ரல் அறுந்ததும் இரண்டு வீடும் சீரிசாகி, இரண்டு பேசுக்கு நடுவில், அதாவது 400 வோல்ட்டில் மாட்டிக்கொள்ளும். இஸ்திரிப் பெட்டிக்குக் கிடைப்பது சுமார் 36 வோல்ட். டி.வி. வீட்டுக்குப் போவது சுமார் 364 வோல்ட்! யார் குறைவாகக் கரண்ட் செலவழித்தாரோ அவர் பொருள்தான் எரிகிறது. கொள்ளிக்கட்டை மாதிரி இரவோடு இரவாகத் தெருவில் நாலு டி.வி. போய்விடும். நிலக்கரித் தூசைச் சுவாசித்துக்கொண்டு, ஆயிரக்கணக்கான மெகாவாட் உற்பத்தியாகும் இடத்தின் பக்கத்தில் வாழ்கிறவன் வீட்டில், தவணையில் வாங்கிய டி.வி. 364 வோல்ட்டில் கருகுகிறது. விளக்கின் அடியில் இருட்டு என்பது இதுதானோ?

இதற்கு நாம் போடும் பாதுகாப்பு எம்.ஓ.வி. என்கிற நீல வட்டு. அதன் மேல் 14டி431 என்று எழுதியிருக்கும். 14 மில்லிமீட்டர் விட்டம். 430 வோல்ட்டில் வழிவிட ஆரம்பிக்கும். தொடர்ந்து தாங்குவது 275 வோல்ட் ஏ.சி. சாதாரண 230 வோல்ட்டின் உச்சம் 325 தான். எனவே அது சும்மா இருக்கும். இடியின் ஸ்பைக் வந்தால் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் வழிவிட்டு உச்சத்தைத் தட்டிவிடும். இதே துத்தநாக ஆக்சைடு வட்டுகளை அடுக்கிப் பெரிதாகச் செய்ததுதான் யார்டில் நிற்கிற லைட்னிங் அரெஸ்டர். 1960-களின் இறுதியில் ஜப்பானில் மட்சுஷிதா நிறுவனத்தில் உருவான பொருள் இது. உங்கள் வீட்டு ஸ்பைக் பஸ்டரும் பவர் ஹவுஸ் அரெஸ்டரும் பங்காளிகள்!

ஆனால் எம்.ஓ.வி. ஸ்பைக்குக்கு மட்டும்தான் காவல்காரன். நியூட்ரல் போய் 364 வோல்ட் நிற்கும்போது உச்சம் 514 வோல்ட். அது ஒவ்வொரு அரைச் சுற்றிலும், நொடிக்கு நூறு தடவை, வழிவிட்டுச் சூடேறி கடைசியில் ஷார்ட் ஆகிவிடும். அப்போது அதற்கு முன்னால் ஃப்யூஸ் இருந்தால் ஃப்யூஸ் போகும்; வட்டு சாகும்; டி.வி. பெரும்பாலும் பிழைக்கும். ஃப்யூசுக்கு முன்னாலேயே வட்டை வைத்திருந்தால் தடுக்க ஆளில்லை. தீதான். ஆகவே முதலில் ஃப்யூஸ், அதற்கப்புறம் எம்.ஓ.வி. நீண்ட நேரம் நிற்கும் ஓவர்வோல்டேஜுக்கு ரிலே வைத்த கட்-ஆஃப் தனியாக வேண்டும். அந்த கட்-ஆஃப் சர்க்யூட்டில் நாம் போடுவதும் எல்.எம். 324 தானே? ஹை ஒன்று, லோ ஒன்று, இரண்டு போக மீதி இரண்டு ஆப்-ஆம்ப் சும்மா! தெருவைக் காப்பாற்றப் போகிற போர்டிலேயே தொங்கும் கால் இருந்தால் எப்படி?

உள்ளேயிருந்து வரும் ஓவர்வோல்டேஜையும் மறக்கக்கூடாது. ரிலே காயிலை நிறுத்தியதும் அது எதிர்ப்பக்கம் உதைக்கும்; ஒரு 1என்4007 டயோடு போதும். 7805 உள்ளே ஷார்ட் ஆனால் 12 வோல்ட் நேராக 5 வோல்ட் லைனில் பாயும். டி.டி.எல். ஐ.சி.யும் 8085-உம் 7 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. 5.6 வோல்ட் ஜீனரும் ஒரு எஸ்.சி.ஆரும் வைத்துக் 'குரோபார்' போட்டால், அது லைனை ஷார்ட் செய்து ஃப்யூசை அனுப்பிவிடும். ஒரு ஃப்யூஸ் போவது மேலா, மொத்த போர்டும் போவது மேலா?

"ஓடுதுல்ல, அப்புறம் என்ன?"

நான் இதைப் பேசும்போதெல்லாம் நண்பர்கள் மூன்று பதில் சொல்வார்கள்.

முதல் பதில்: "மச்சான், ஓடுதுல்ல, அப்புறம் என்ன?" வைவா நடக்கும் பத்து நிமிஷம் ஓடுவது ஒரு விஷயமே இல்லை. ஐந்து மழைக்காலம் ஓடவேண்டும். காலையில் ஓடியதாலேயே ஒரு போர்டு சரியான போர்டு ஆகிவிடாது. இன்னும் தப்பு வெளியே தெரியவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம்.

இரண்டாவது: "செலவு ஆகுமே." ரிட்சி தெருவுக்குப் போய் விசாரியுங்கள். இரண்டு மூன்று ரெசிஸ்டர், ஒரு டயோடு, ஒரு எம்.ஓ.வி., ஒரு ஃப்யூஸ். இரண்டு டீ, ஒரு பஜ்ஜி செலவைத் தாண்டினால் கேளுங்கள். பெட்டிக்குக் கலர் பெயின்ட் அடிக்கச் செலவழிக்கிறோமே!

மூன்றாவது பதில்தான் எனக்கு வருத்தம் தருவது. "டிசைன் எல்லாம் பி.இ. படிச்சவங்க வேலை. நமக்கு எதுக்குப்பா?" நண்பர்களே, டிசைன் செய்கிறவர் பேப்பரில் போடுவார். அந்தப் போர்டை அசெம்பிள் செய்வது நாம். சர்வீஸ் செய்வது நாம். யார்டில் சி.டி. டெர்மினலைக் கழற்றி மாட்டுவது நாம். எரிந்துபோன நீல வட்டை வெட்டி எறிந்துவிட்டு, ஃப்யூஸ் இடத்தில் கம்பியைச் சுற்றி, "இப்ப ஓடும்மா, எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லும் மெக்கானிக் உண்டா இல்லையா? அது ஓடும்தான். அடுத்த நியூட்ரல் போகும் வரை ஓடும். அப்போது டி.வி. மட்டும் போகாது, ஓலைக் கூரையும் போகலாம். அந்த அம்மாவுக்கு எம்.ஓ.வி. என்றால் என்னவென்று தெரியாது. தெரிந்தவன் நீதான். தெரிந்தும் வெட்டி எறிந்தால் அதற்குப் பெயர் ரிப்பேர் இல்லை.

என்ன செய்யலாம்?

குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம். மாணவர் சங்கத்தின் முன்பும் ஆசிரியர்கள் முன்பும் நாலு யோசனை வைக்கிறேன்.

ஒன்று: ஒவ்வொரு புராஜெக்ட் ரிப்போர்ட்டிலும் 'கால் அட்டவணை' என்று ஒரு பக்கம் கட்டாயம் இருக்கவேண்டும். எந்த ஐ.சி., எத்தனையாவது கால், பெயர் என்ன, எங்கே கட்டியிருக்கிறது, ஏன் என்று வரிசையாக எழுதவேண்டும். சும்மா விட்ட கால் என்றால் "டேட்டாஷீட்படி விடலாம்" என்று எழுதவேண்டும். ஒரு கட்டமும் காலியாக இருக்கக்கூடாது.

இரண்டு: அதற்கடுத்த பக்கத்தில் மூன்று கேள்விக்குப் பதில் இருக்கவேண்டும். நியூட்ரல் அறுந்தால் இந்தப் பெட்டி என்ன ஆகும்? ரெகுலேட்டர் ஷார்ட் ஆனால் என்ன ஆகும்? காயில் நிற்கும்போது எழும் உதை எங்கே போகும்?

மூன்று: வைவாவுக்கு முன் லேபில் ஒரு சோதனை. ஆசிரியர் முன்னிலையில் வேரியாக்கில் 270 வோல்ட் வரை ஏற்றிப் பார்க்கவேண்டும். பாட்டரியில் ஓடும் லோ-வோல்டேஜ் போர்டாக இருந்தால் ஐ.சி. பக்கத்தில் விரலைக் கொண்டுபோய்ப் பார்க்கலாம், எல்.இ.டி. சிமிட்டினால் ஏதோ ஒரு கால் தொங்குகிறது. மெயின்ஸ் போர்டில் இந்த விரல் விளையாட்டு வேண்டவே வேண்டாம், சொல்லிவிட்டேன்!

நான்கு: இதற்கெல்லாம் இன்டர்னல் மார்க்கில் ஐந்து மார்க் ஒதுக்கவேண்டும். மார்க் இல்லாத வேலையை நாம் செய்யமாட்டோம் என்பது நமக்கே தெரியும்! மார்க்குக்காகச் செய்ய ஆரம்பித்தது மூன்று புராஜெக்ட் கழித்துப் பழக்கமாகிவிடும். கெட்ட பழக்கம் லேபில்தான் வந்தது என்றால், நல்ல பழக்கமும் அங்கேயே வரட்டும்.

நம்மில் பலர் இன்னும் சில மாதங்களில் அம்பத்தூரிலோ மணலியிலோ எண்ணூரிலோ ஏதாவது ஒரு கம்பெனியில் அப்ரென்டிசாகச் சேர்ந்திருப்போம். முதல் நாளே யாரும் நம்மிடம் பெரிய டிசைனைக் கொடுக்கமாட்டார்கள். ஒரு போர்டைக் கொடுத்து, "தம்பி, இதைக் கொஞ்சம் பாரு" என்பார்கள். அப்போது எரிகிற எல்.இ.டி.யை மட்டும் பார்க்காதீர்கள். ஒன்றாம் காலிலிருந்து ஆரம்பித்து, கடைசிக் கால் வரை எண்ணிப் பாருங்கள். ஃப்யூஸ் எங்கே, வட்டு எங்கே என்று தேடுங்கள். காலியாக இருந்தால், "சார், இந்தக் காலை ஏன் சும்மா விட்டிருக்கோம்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். டிப்ளமோ படித்தவன் வாயிலிருந்து அந்தக் கேள்வி வருகிற இடத்தில், ஏதோ ஒரு வீட்டில் ஏதோ ஒரு டி.வி. அடுத்த கார்த்திகையையும் தாண்டி ஓடும்.

— இறுதியாண்டு மாணவர், மின் மற்றும் மின்னணுப் பொறியியல் துறை